இலை மஞ்சளானால் முதலில் ஈர்க்கைக் குத்துங்கள்

ஹோலுக்குள் வைத்த றப்பர் மரமோ ஃபைகஸோ இலை மஞ்சளாகித் தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். விளக்குமாற்றிலிருந்து காய்ந்த ஈர்க்கு ஒன்றை உருவிச் சாடியின் அடிவரை குத்தி, 10 நிமிடம் விட்டு இழுத்துப் பாருங்கள். ஈர்க்கில் சேறு ஒட்டி, மூக்கருகே பிடித்தால் அழுகல் மணம் வந்தால் வேர் அழுகுகிறது, சுத்தமாக வந்தால் மரத்துக்குத் தாகம்தான். மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் நீர் தேங்கி நிற்கலாம், காற்றில்லாமல் அழுகிய வேரால் அந்த நீரை உறிஞ்ச முடியாது, அதனால்தான் இரண்டுக்கும் இலை ஒரே மாதிரி வாடுகிறது. மட்டக்களப்பில் மார்கழி மழைக்கு வீட்டுக்குள் சாடி லேசில் காயாது, வறண்ட கச்சான் காற்றடிக்கும் நாட்களில் நடப்பது நேர்மாறு.

அழுகல் என்றால் மரத்தை வெளியே எடுத்து, கறுத்து வழவழத்த வேர்களை வெட்டி, ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்த புதுமண்ணில் வையுங்கள் (கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு). சாடியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு போலவோ மெல்லிய வலை போலவோ இருந்தால் ஈர்க்கு உதவாது, அது பூச்சி. சவர்க்காரத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டும்.