பேட்டரி ரம்பம்: பிளேடு இறுகினால் வரும் வினை

பேட்டரியில் ஓடும் வட்ட ரம்பத்தில் சார்ஜ் மளமளவென்று இறங்கினால் பேட்டரியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். பல நேரம் கோளாறு அதில் இல்லை. பிளேடு மரத்துக்குள் இறுகித் திணறுகிறது. ரம்பம் எகிறி ஆள் மேல் பாய்வதும் பெரும்பாலும் இதே இறுக்கத்தால்தான்.

இறுக்கத்துக்கு முதல் காரணம் முட்டுக் கொடுக்கும் லட்சணம். பலகையின் இரு முனைகளையும் இரண்டு ஸ்டூல் மேல் வைத்து நடுவில் அறுக்கிறார்கள். பாதிக்கு மேல் போனதும் பலகை தொய்யும், வெட்டின வாய் மேலே மூடிப் பிளேடைக் கவ்வும். பிளேடு நின்றாலும் மோட்டார் சுற்றத்தான் பார்க்கும். அந்த விசை ரம்பத்தையே பின்னுக்கு, உங்கள் பக்கம் தள்ளிவிடும். அதனால்தான் ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்வது.

வேண்டிய பகுதியை மேசையில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கழியும் துண்டு தொங்கி விழும்படி விடுங்கள். முழு பிளைவுட் ஷீட் என்றால் அடியில் நான்கு கட்டைகள், வெட்டுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு. அறுத்து முடித்த பிறகும் இரு துண்டுகளும் அசையாமல் கிடக்கும்.

அடுத்தது ஆழம். பல் பலகைக்குக் கீழே 3 முதல் 6 மி.மீ. எட்டிப் பார்த்தால் போதும், 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 21 முதல் 24. எப்போதும் முழு ஆழத்தில் விட்டு அறுப்பது வெறும் சோம்பேறித்தனம். தேவையில்லாத உரசல், அடியில் விரல் இருந்தால் விபரீதம்.

கோடு விலகினால் ரம்பத்தைத் திருகி வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பது இன்னொரு தவறு. திருகும்போது பின்பக்கப் பற்கள் மரத்தின் மேற்பரப்பைக் கொத்தி, பிளேடு பள்ளத்தை விட்டு ஏறும். ஸ்விட்சை விட்டு, பிளேடு முழுதாக நின்றபின் பின்னால் எடுங்கள். மறுபடி தொடங்கும்போது பிளேடு காற்றில் முழு வேகம் எடுத்த பிறகே மரத்தில் தொடட்டும்.

165 மி.மீ. பிளேடில் 24 பல் இருந்தால் அது கட்டை மரம் அறுக்க. பிளைவுட்டுக்கு 40 அல்லது அதற்கு மேல். பல் கீழிருந்து மேலாக வெட்டுவதால் சிராய் மேல்பக்கம்தான் பெயரும். ஆகவே நல்ல முகம் கீழே இருக்கட்டும். கருகல் வாடையும் புகையும் வந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது பிசின் அப்பியிருக்கிறது. அழுத்தித் தள்ளி ஒன்றும் ஆகப்போவதில்லை.

18 வோல்ட் பேட்டரி பேக்கில் ஐந்து செல்கள் தொடராக இருக்கும். 4, 5 ஆம்பியர்-ஹவர் பேக்குகளில் பெரும்பாலும் இப்படி இரண்டு வரிசை. சுமை பங்கு பிரிவதால் தடித்த மரத்தில் சூடேறுவது குறைவு. சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் செருக வேண்டாம், ஆறட்டும்.

வயர் இல்லாததால் கருவி உயிரோடு இருப்பதே மறந்துபோகும். பிளேடு மாற்றவோ ஆழம் திருத்தவோ அலன் கீயைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். பிளேடின் அடிப்பாதியைத் தானாக மூடும் கீழ்க் கார்டில் ஆப்பு செருகித் திறந்தே வைப்பவர்களும் உண்டு. தரையில் வைத்ததும் சுழலும் பிளேடு காலை நோக்கி ஓடும். பேட்டரியைக் கழற்றிய கையோடு கார்டை இழுத்து விட்டுப் பாருங்கள். சட்டென்று மூடாவிட்டால் உள்ளே தூள் அடைத்திருக்கிறது, பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.