லினோவில் மல்லார்ட்: முதல் அச்சு எடுப்பது எப்படி?

புகழ்பெற்ற நீராவி இஞ்சின்களின் அச்சுப் படங்கள் கடையில் கிடைக்கும். லினோ எனும் மென்மையான தரைவிரிப்புத் தகட்டில் நாமே செதுக்கி, மை தடவித் தாளில் அச்சு எடுப்பதில் வேறு ஒரு சுகம் இருக்கிறது. செலவும் அதிகமில்லை.

எந்த இஞ்சின்? பலரும் முதலில் 'பிளையிங் ஸ்காட்ஸ்மேன்' என்பார்கள். திறந்து கிடக்கும் சக்கரங்கள், ஆரங்கள், தண்டுகள், குழாய்கள் எல்லாவற்றையும் செதுக்க வேண்டும். முதல் தடவை உளி பிடிப்பவருக்கு அது தண்டனை. என் ஓட்டு மல்லார்டுக்கு. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து, 1938-இல் டான்காஸ்டர் பட்டறையில் உருவான இஞ்சின். அதே ஆண்டு ஜூலை 3 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் பேங்க் இறக்கத்தில் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நீராவி இஞ்சின்களில் இன்றும் அதுதான் சாதனை. காற்று தடுக்காமலிருக்க உடம்பு முழுக்கத் தகடு போர்த்தியிருப்பதால், செதுக்க வேண்டிய நுணுக்கங்கள் குறைவு.

தேவையானவை: ஏ5 அளவு லினோ, 'வி' வாய் உளி ஒன்று, 'யு' வாய் உளி ஒன்று, ரப்பர் ரோலர், நீரில் கரையும் லினோ அச்சு மை (நீலம், கொஞ்சம் கறுப்பு, விரும்பினால் சிவப்பு), கண்ணாடித் துண்டு, மரக் கரண்டி, அதிகத் தடிமன் இல்லாத கார்ட்ரிட்ஜ் பேப்பர் (ஓவியம் வரையும் தாள்).

முதலில் ஒரு புகைப்படம் தேடுங்கள். மல்லார்ட் இப்போது யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்பதால் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: போர்க்காலத்தில் சக்கரங்களுக்கு மேலிருந்த பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். தகடு உள்ள படமே நமக்கு நல்லது. இன்னொன்று, நிலக்கரிப் பெட்டியோடு சேர்த்து நீளம் 21 மீட்டருக்கும் மேல். உயரமோ ஏறத்தாழ 4 மீட்டர்தான். முழுவதையும் 20 சென்டிமீட்டர் அகலத்தில் அடைத்தால் உயரம் 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதனால் முகப்பிலிருந்து நடுச் சக்கரம் வரை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரேசிங் பேப்பரில் மென்மையான பென்சிலால் படத்தை வரைந்து, கவிழ்த்து லினோ மேல் வைத்துத் தேயுங்கள். லினோவில் படம் இடம் வலமாக விழும், அச்சில் நேராகிவிடும். மை படவேண்டிய இடங்களை மார்க்கரால் நிரப்பிவிடுங்கள். செதுக்கிய இடம் வெள்ளை, செதுக்காத இடம் மை. அவ்வளவுதான் கணக்கு.

செதுக்கும் முன் லினோவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும். லினோவைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள். அடியில் உள்ள சணல் துணி தெரியும் அளவுக்கு ஆழமாகப் போக வேண்டாம்.

உடம்பை அப்படியே விட்டுவிடலாம். கறுப்பு முகப்பும் நீல உடம்பும் சந்திக்கும் அந்த வளைகோட்டை மட்டும் 'வி' உளியால் ஒரே இழுப்பில் எடுங்கள். கை நடுங்கினால் முதலில் ஓரத்துண்டில் பழகுங்கள்.

இனி புகை. இந்தப் படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலோர் காளான் போலக் குண்டாக வரைகிறார்கள். அது ஸ்டேஷனில் நிற்கும் வண்டியின் புகை. மல்லார்டின் சரிவான முகப்பு காற்றை மேலே தள்ளி, ஓட்டுநரின் கண்ணை மறைக்காமல் புகையைத் தூக்கிவிடும். ஆகவே புகைபோக்கியில் தடித்துத் தொடங்கி, கூரைக்கு மேலாகப் பின்னோக்கி மெலிந்து ஓடும் நீளக் கீறல்களாகச் செதுக்குங்கள். பின்னணியில் உளி விட்டுச்செல்லும் தடங்களும் அதே திசையில் கிடக்கட்டும். வேகம் தானாக வந்துவிடும்.

சரி, மை. நீலத்தில் துளி கறுப்பு கலந்து, கண்ணாடியில் மெல்லியதாக உருட்டுங்கள். மை வழுவழுவென்று தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். லினோ மேல் இரண்டு மூன்று தடவை மெல்லியதாக ஏற்றி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேயுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறியிருந்தால் மறுபடி தேய்க்கலாம். முதல் ஓரிரு அச்சுகள் மங்கலாகத்தான் வரும், அவற்றைச் சாதாரணத் தாளில் எடுங்கள்.

மல்லார்டின் சக்கரங்கள் சிவப்பு. அதுவும் வேண்டுமென்றால், மை உருட்டியதும் சக்கரப் பகுதியைத் துணியால் துடைத்துவிட்டு, விரல் நுனியால் சிவப்பு மை தடவி, பிறகு தாளை வையுங்கள். காய்ந்ததும் படத்துக்குக் கீழே பென்சிலால் இடப்பக்கம் 1/10 (பத்துப் பிரதிகளில் முதலாவது) என எண்ணும், வலப்பக்கம் உங்கள் கையெழுத்தும் போடுங்கள்.