கைக்குழந்தை, லேப்டாப், வேலூர் வெயில்: வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அம்மாக்களுக்கு

முதலில் ஒரு கணக்கு. ஆறு மாதக் குழந்தை பகலில் இரண்டு மூன்று தடவை தூங்கும். எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம் தேறினால் பெரிது. வேலையோ எட்டு மணி நேரம். ‘தூங்கும்போது பார்த்துக்கலாம்’ என்று நம்பி வேலையில் திரும்பச் சேர்கிறவர்கள் சீக்கிரமே திணறிப்போவது இதனால்தான். ஒன்றரை வயதுக்கு மேல் பகல் தூக்கம் ஒரே தடவையாகிவிடும். அப்போது நிலைமை இன்னும் இறுகும். மேசை நாற்காலியெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். லீவு முடிவதற்குள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உறுதியாக வேண்டும்.

அம்மாவோ மாமியாரோ கூட இருந்தால் நாள் முழுவதையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். முழங்கால் வலியோடு, தவழ்கிற குழந்தையின் பின்னால் எட்டு மணி நேரம் ஓட யாராலும் முடியாது. காலை 10 முதல் 12, மதியம் 3 முதல் 5 என்று நான்கு மணி நேரத்தை நேரம் குறித்துக் கேளுங்கள். சம்பளத்துக்கு ஆள் வைப்பதானால் நடந்து வரும் தூரத்தில் இருப்பவரே நல்லது. அணைக்கட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி சத்துவாச்சாரி வர வேண்டியவர், மழை பெய்தால் வரமாட்டார். லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே அவரிடம் முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, நான்கு என்று விட்டுப் பழக்குங்கள். ஏழெட்டு மாதத்தில் குழந்தைக்கு வேற்றாள் பயம் வந்துவிடும். அதற்கு முன்பே முகம் பழகியிருந்தால் அழுகை குறையும். பால்வாடி உதவிக்கு வருவது இரண்டு வயதுக்கு மேல்தான்.

அடுத்து, வேலையை மூன்றாகப் பிரியுங்கள். மீட்டிங்குகள் ஒரு கட்டு. கோடிங், ரிப்போர்ட் எழுதுவது போல இடையில் எழுந்தால் நூல் அறுந்துபோகிற வேலைகள் இன்னொரு கட்டு. மெயில், டிக்கெட் (ஆபீஸ் சிஸ்டத்தில் வந்து சேரும் புகார், கோரிக்கை), டைம்ஷீட் மாதிரி எப்போது விட்டாலும் திரும்பப் பிடித்துக்கொள்கிற வேலைகள் மூன்றாவது. மீட்டிங் எல்லாம் ஆள் இருக்கும் நேரத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது கட்டு காலைத் தூக்கத்துக்கு. மதியத் தூக்கத்தை நம்ப முடியாது, காலைத் தூக்கம் ஓரளவு ஒழுங்காக வரும். மூன்றாவதைக் குழந்தை பக்கத்தில் விளையாடும்போது பார்க்கலாம். குழந்தை கண்ணயர்ந்த உடனே பாத்திரம் தேய்க்கப் போவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. பாத்திரத்தைக் குழந்தை விழித்திருக்கும்போதும் தேய்க்கலாம், ரிப்போர்ட்டை அப்படி எழுத முடியாது.

அமெரிக்க, லண்டன் டீம்களோடு வேலை பார்ப்பவர்கள், அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். நியூயார்க்கின் காலை 9 மணி கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது 7.30 ஆகிவிடும், சரியாகக் குழந்தையைத் தூங்கவைக்கும் நேரம். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படியே ஓடும். லண்டன் மாறுவது அக்டோபர், மார்ச் கடைசி ஞாயிறுகளில். அங்கே காலை 9 என்றால் நமக்கு 1.30, குளிர்காலத்தில் 2.30. அக்டோபரிலேயே மேனேஜரிடம் பேசி, தினசரி மீட்டிங்கை அரை மணி முன்னே தள்ளவோ எழுத்தில் அப்டேட் தரவோ ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மாற்றம் வந்த பிறகு கேட்டால் சலுகை கேட்பது போலாகிவிடும்.

சட்டத்திலும் பிடிப்பு இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தப்படி (2025 நவம்பர் முதல் இதே விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன), முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம். அந்த எட்டையும் முன்னாலேயே எடுத்திருந்தால் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும், இதை மறந்துவிட வேண்டாம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், லீவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்க இரு தரப்பும் பேசி முடிவு செய்யவும் அதில் வழி உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. அந்த இரண்டையும் காலண்டரில் ‘பிஸி’ என்று போட்டுவிடுங்கள். பேசியதை எச்.ஆருக்கு மெயிலாகவும் அனுப்புங்கள்: எந்த மணியிலிருந்து எந்த மணி வரை கட்டாயம் ஆன்லைனில் இருப்பீர்கள், எத்தனை மாதத்துக்கு இந்த ஏற்பாடு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஃப்ரீலான்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது.

இனி கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈபி நிறுத்தினால் காலை 9 மணிக்குப் போனது மதியம் 2 வரை வராது, சில இடங்களில் மாலைகூட ஆகும். எந்த ஏரியா என்று முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும், பாருங்கள். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரி போட்ட இன்வெர்ட்டர், ஒரு ஃபேன் (75 வாட்), லேப்டாப் (60), ரவுட்டர் (15) மூன்றையும் புது பேட்டரியில் ஆறேழு மணி நேரம் தாங்கும், பழசானால் பாதி. ரவுட்டர் செருகிய பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் விளக்கு, ஃபேன் மட்டும்தான் அந்த லைனில் இருக்கும். ரவுட்டருக்குத் தனி மினி யுபிஎஸ் வாங்கினால் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள். ரோட்டைத் தோண்டி ஃபைபர் அறுந்தால் கைகொடுக்க, மொபைல் சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். ஒரு மணி நேர வீடியோ மீட்டிங்குக்கு ஏறக்குறைய 1 ஜிபி போய்விடும். ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் கேமராவை அணைத்துவிடுங்கள்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையோ மேற்குச் சுவர் அறையோ வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனலடிக்கும், குழந்தை அரை மணியில் எழுந்துவிடும்.

எடுத்து வைக்கும் தாய்ப்பாலுக்கு ‘அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்’ என்பது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கான கணக்கு. மே மாத வேலூருக்கு அது பொருந்தாது. எடுத்த உடனே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைத்தால் 4 நாள் தாங்கும், ஃப்ரீசரில் 6 மாதம். ஒரு வேளைக்கு 60 முதல் 120 மில்லி என்று பிரித்து, தேதி எழுதுங்கள். உறைந்த பாலை ஃபிரிட்ஜில் வைத்து இளக்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் பாட்டிலை வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் அங்கங்கே கொதித்து வாயைச் சுடும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள், நான்கு மணி நேரம் குளிர் நிற்கும்.

6, 10, 14 வாரத் தடுப்பூசிகளுக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வருவது சகஜம். லீவு சீக்கிரம் முடிகிறவர்கள் அந்த நாட்களில் டெமோ, ரிலீஸ் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். 9 மாத ஊசிக்குக் காய்ச்சல் ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் வரலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

‘வீட்லதானே இருக்க’ என்று சிலிண்டர், தண்ணீர், கூரியர் எல்லாம் உங்கள் தலையில் விழும். வேலை நேரத்தில் அறைக்கதவைச் சாத்தி, காலிங் பெல்லுக்குப் போவது யார் என்பதைக் காலையிலேயே பேசிவிடுங்கள். மதியத்துக்குக் குழம்பும் பொரியலும் இல்லாத நாள் வந்தால் வரட்டும், கேவுரு கூழும் மாங்காய் ஊறுகாயும் போதும்.

மாதம் ஓரிரு நாள் சென்னை ஆபீஸ் போகச் சொன்னால் காட்பாடியிலிருந்து காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ், மாலையில் அதிலேயே திரும்பலாம். ஆபீஸில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பாலை எடுத்துவிடுங்கள். விட்டால் மார்பில் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ஐஸ் பேக் போட்ட இன்சுலேட்டட் பையில் 24 மணி நேரம் கெடாது. வீடு வந்ததும் நேராக ஃபிரிட்ஜ், மறுநாள் முதலில் அதைக் கொடுங்கள்.