தாடிப்பாசி: தப்பு டைமரில் இருந்தது

செடி வளர்க்கும் 60 லிட்டர் மீன்தொட்டி, அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் கருந்தாடிப்பாசி. விளக்கை 8 மணி நேரத்திலிருந்து 6 ஆகக் குறைத்தும், வாரம் இருமுறை பாதித் தண்ணீர் மாற்றியும் பலனில்லை. மூன்று வாரம் வீண்.

செடிகளுக்காகத் தண்ணீரில் விடும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் சாயங்காலம் பச்சைதான், அதாவது 30 பிபிஎம் சுமார். ஆனால் அது ஓரிரு மணி நேரம் பிந்தித்தான் நிறம் மாறும். விளக்கு எரிந்ததும் பிஎச் அளந்தேன்: 7.4. மூன்று மணி நேரம் கழித்து 6.4. வாயு கரையக் கரைய பிஎச் இறங்கும்; அதாவது வாயு நிறைய அவ்வளவு நேரம். சாலினாய்டும் (வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வு) விளக்கும் ஒரே டைமரில்! வெளிச்சம் வந்தும் வாயு போதாத நேரம் தினமும். பாசிக்கு அது போதும்.

தனி டைமரில் வாயுவை 2 மணி நேரம் முன்னதாகத் திறந்தேன். விளக்கு அணைய 1 மணி நேரம் இருக்கும்போது மூடல். பழைய பாசிக்கு, ஃபில்டரை நிறுத்திவிட்டு 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 15 மில்லி, சிரிஞ்சில் நேராக அதன்மேல். (மாஸ் வகைச் செடி, இறால் பக்கம் வேண்டாம்.) சில நாளில் சிவந்து செத்தது. புது இலைகள் சுத்தம்.