தட்டை விலக்கினால் எலக்ட்ரானின் வேகம் குறையுமா?

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். நிலைமின்னியல் பாடம் வந்ததும் ஒவ்வொரு வருஷமும் இந்தக் கணக்கைப் போடுவேன். வெற்றிடத்தில் இரண்டு இணைத்தட்டுகள், நடுவே 2 சென்டிமீட்டர் இடைவெளி, 100 வோல்ட் இணைப்பு. எதிர்மின் தட்டை ஒட்டி ஓய்வில் இருக்கும் எலக்ட்ரான், நேர்மின் தட்டை என்ன வேகத்தில் போய்ச் சேரும்? அப்புறம், இடைவெளியை 4 சென்டிமீட்டர் ஆக்கினால்?

"புலம் பாதியாகிடும் சார், அதனால வேகம் குறையும்." பெரும்பாலும் இந்தப் பதில்தான் முதலில் வரும்.

முதல் பாதி சரி. மின்னழுத்த வேறுபாட்டை இடைவெளியால் வகுத்தால்தான் மின்புலம். அது பாதியாகும், விசையும் பாதியாகும். ஆனால் அந்தப் பாதி விசை இரண்டு மடங்கு தூரத்துக்கு இழுக்கிறதே! செய்த வேலை மாறவில்லை. இரண்டு நிலையிலும் எலக்ட்ரான் பெறுவது 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் (ஒரு வோல்ட் வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றல்தான் ஒரு எலக்ட்ரான் வோல்ட்). வேகம் நொடிக்குச் சுமார் 5,900 கிலோமீட்டர். மாறுவது முடுக்கமும் நேரமும். 2 சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 6.7 நானோ நொடி, 4 சென்டிமீட்டருக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

மலைமேல் இருக்கும் பழமுதிர்சோலையிலிருந்து அடிவாரத்து அழகர்கோயிலுக்கு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். செங்குத்தாக இறங்கினாலும் சரி, வளைந்து வளைந்து போகும் ரோட்டில் இறங்கினாலும் சரி, இறங்கிய உயரம் ஒன்றுதான். உராய்வு இல்லாவிட்டால் உருண்டு வரும் பந்து எந்த வழியில் வந்தாலும் அடிவாரத்தை ஒரே வேகத்தில்தான் வந்து சேரும். உயரம்தான் வோல்ட். சரிவுதான் மின்புலம். வேகத்தைக் கேட்டால் உயரத்தைப் பார்க்க வேண்டும், முடுக்கத்தைக் கேட்டால் சரிவைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணைத் தின்னும் பெரிய தவறு.

இதிலேயே இன்னொரு கண்ணி உண்டு. மேலே சொன்னது பேட்டரி இணைப்பில் இருக்கும்போது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தட்டுகளை விலக்கினால் கதையே வேறு. தட்டிலுள்ள மின்னூட்டம் போக வழியில்லாமல் அப்படியே இருக்கும். அதனால் புலம் மாறாது, மின்னழுத்தம் இரட்டிக்கும். ஆற்றலும் இரட்டிக்கும். கேள்வியில் பேட்டரி இணைந்திருக்கிறதா, கழற்றப்பட்டதா என்பதை முதலில் அடிக்கோடிடுங்கள்.

போன மாதம் ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். ஒரே இடத்தை அழித்து அழித்துத் தாள் கிழிகிற நிலைக்கு வந்திருந்தது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கழித்தல் குறியோடு போட்டிருக்கிறாள். வேகம் காணும் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்து நிற்கிறது. "எங்கே தப்புன்னே தெரியலை சார்" என்றாள். அவளுக்குச் சொன்னதுதான் எல்லோருக்கும்: முதலில் படம் போடுங்கள். புலம் நேர்மின் தட்டிலிருந்து எதிர்மின் தட்டுக்கு. எலக்ட்ரானின் மீதான விசை அதற்கு எதிராக. திசையை அம்புக்குறியிலேயே முடித்துவிட்டால், கணக்கில் எண்மதிப்பு மட்டும் போதும்.

மின்புலம் காண 100-ஐ 2-ஆல் வகுத்து 50 என்று எழுதுகிறவர்களும் உண்டு. 0.02 மீட்டரால் வகுக்க வேண்டும். விடை, மீட்டருக்கு 5,000 வோல்ட்.

நேர்மின் தட்டை நெருங்க நெருங்க இழுப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தூரம் குறையக் குறைய விசை கூடும் என்கிற கூலும் விதி மனதில் ஒட்டிக்கொண்டதால் வருவது இது. புள்ளி மின்னூட்டத்துக்கு அது சரி. இங்கே ஒரு தட்டு தள்ளுகிறது, மற்றது இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து நடுவே எங்கும் ஒரே அளவு. ஓரங்களில் மட்டும் புலம் வெளியே பிதுங்கும்.

அதே தட்டுகளுக்கிடையே புரோட்டானை விட்டால்? விசையின் அளவு அதேதான், ஆற்றலும் அதேதான். ஆனால் நிறை 1,836 மடங்கு என்பதால் வேகம் அதன் வர்க்கமூலமான 43-இல் ஒரு பங்கு. 1,836-இல் ஒரு பங்கு என்று எழுதிவிடாதீர்கள், அது முடுக்கத்துக்கு.

எலக்ட்ரான் பக்கவாட்டில் நுழைந்தால் பாதை வட்டவில் அல்ல, பரவளையம். சித்திரைத் திருவிழாவில் துருத்தியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் முன்னே பாய்ந்துகொண்டே கீழே வளைகிறதே, அதே வடிவம். முன்னோக்கிய வேகத்தைப் புலம் தொடாது. தட்டைத் தாண்டியதும் வளைவும் நின்று, நேர்கோட்டில் போகும்.

ஈர்ப்பு விசையை எலக்ட்ரானுக்கு விட்டுவிடலாம்; நம் கணக்கில் மின்விசை அதைப்போல ஏறத்தாழ 10¹⁴ மடங்கு. ஆனால் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க மில்லிகன் பயன்படுத்திய எண்ணெய்த்துளிக்கு விட்டுவிடக் கூடாது. அங்கே எடையைத் தாங்குவதே மின்விசைதான்.

கடைசியாக, கணக்கில் யாரும் கவனிக்காத சொல்: வெற்றிடத்தில். 1883-இல் ஹெர்ட்ஸ் கேதோடு கதிர்களை, அதாவது இன்று எலக்ட்ரான் ஓட்டம் என்று நாம் அறிந்தவற்றை, தட்டுகளுக்கிடையே அனுப்பிப் பார்த்தார். வளையவில்லை. அவற்றுக்கு மின்னூட்டமே இல்லை என்று முடிவுகட்டினார். குழாயில் மிஞ்சியிருந்த வாயு அயனியாகி, தட்டுகளின் புலத்தை மறைத்துவிட்டிருந்தது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் இன்னும் நன்றாகக் காற்றை வெளியேற்றிவிட்டு அதே சோதனையைச் செய்தார். கதிர் வளைந்தது, நேர்மின் தட்டின் பக்கமாக.