குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த கையோடு மூணாறுக்குக் கார் எடுத்துக்கொண்டு போய், அதற்கு மேலே மலை முகட்டில் இருக்கும் டாப் ஸ்டேஷனில் நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அந்த இடத்துக்கு ஏன் அப்படி ஒரு பெயர் என்று பிள்ளைகள் கேட்டால், கீழே போடிப் பக்கம் இருக்கிற குரங்கணி கிராமத்திலிருந்து நடந்து போய்க் காட்டுங்கள் என்பேன்.

அது ஒரு காலத்தில் ரோப்வேயின் மேல்முனைச் சரக்கு நிலையமாக இருந்தது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக அங்கே வரை 1908 முதல் ஒரு சின்ன ரயில் ஓடியது. அதற்கு முன் 1902-இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம். மாடுகள்தான் வண்டியை இழுத்தன. ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் ரோப்வேயில் ஏறி, சுமார் 5 கிலோமீட்டர் அந்தரத்தில் தொங்கியபடியே மலையடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கும். நடுவே ஒரு நிறுத்தம். அந்த மலைக்கிராமத்துக்கு இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றுதான் பெயர். கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. 1924 வெள்ளம் தண்டவாளத்தை வாரிக்கொண்டு போனது, போனதுதான்; திரும்பப் போடவே இல்லை.

மேலே அந்தத் தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து போன நம் ஆட்கள். அதனால்தான் இந்த ஏற்றத்தைச் சும்மா வேடிக்கையாகப் பார்க்க எனக்கு மனசு வருவதில்லை. போன முறை, புல்லுக்குள் பாசி பிடித்துக் கிடந்த ஒரு கல் கட்டுமானத்தின் மேல் என் அண்ணன் மகள் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரோப்வே தூணுக்குப் போட்ட அடித்தளம் போலத்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சட்டென எழுந்து நின்று அதைக் கையால் தடவிப் பார்த்தாள்.

சரி, எப்படிப் போவது? 2023-இலிருந்து சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கே நேரடி ரயில் இருக்கிறது. போடியில் இரவு தங்கி, விடியும் முன் ஜீப்பில் குரங்கணிக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி மலையைத் தாண்டிவிட வேண்டும்.

அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் இந்த மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீயில், நடக்கப் போனவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கு என்றே விதிகள் வந்தன. இப்போது 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் வனத்துறைப் பாதைகளுக்கு முன்பதிவு செய்யலாம். எந்த மாதம் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரைதான் திறந்திருக்கிறது என்றால் அதுவரை போதும். "நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு, கூட்டிட்டுப் போவாரு" என்று சொந்தக்காரர் யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் கேட்கவே வேண்டாம், அது தீக்காலம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் வழுக்கும், அட்டையும் ஏறும்.

கூட்டமாக நடக்கும்போது வேகமாக நடக்கிறவர் முன்னால் ஓடக் கூடாது. வழிகாட்டிதான் முன்னால். மெதுவாக நடக்கிறவர் அவருக்கு அடுத்து, திடமான ஒருவர் கடைசியில். வழிகாட்டி கையைக் காட்டி நிறுத்தினால் பேச்சையும் நிறுத்துங்கள், காட்டுமாடு நிற்கலாம். தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு, பாஸ்போர்ட் நகல் ஒன்று. ஷூ புதிதாக வேண்டாம், பழகினதாக இருக்கட்டும். முதுவர் பழங்குடி மக்களின் குடியிருப்புப் பக்கம் போனால், கேட்காமல் வீட்டையோ ஆட்களையோ படம் எடுக்காதீர்கள்.

முட்டி வலிக்காரர்கள் விட்டுப்போனோமே என்று வருத்தப்பட வேண்டியதில்லை. எங்கள் அத்தையைக் காரில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு வழியாக மூணாறு சுற்றி மேலே அனுப்பிவிட்டோம். நாங்கள் மூச்சு வாங்க ஏறி வந்தபோது பெட்டிக்கடை வாசலில் காத்திருந்தார். அந்தக் காரையே திரும்பி வருவதற்கும் பேசிவைத்துவிடுங்கள். சாயங்காலம் மேலே வண்டி கிடைப்பது கஷ்டம், குளிரும் சீக்கிரம் இறங்கிவிடும்.