ட்விஸ்ட் கெடாம பழைய சஸ்பென்ஸ் ஷோ பாக்குறது எப்படி

மொதல்ல சீசன் ஒண்ணு எபிசோட் ஒண்ணுன்னு வரிசையா ஆரம்பிக்கிற பழக்கத்த விடுங்க. ஆந்தாலஜின்னாலே ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, நேத்து கதையில செத்தவர் இன்னைக்கு வேற பேர்ல வேற கோட்டு மாட்டிட்டு வந்து நிப்பார், அதனால வரிசைக்கு இங்க வேலையே இல்ல. நான் ஒரு ஃப்ரெண்டுக்கு ஆசையா 'ட்வைலைட் ஸோன்' போட்டுக் காட்டுறேன்னு தெரியாத்தனமா நாலாவது சீசன்ல இருந்து ஆரம்பிச்சுட்டேன், அந்த சீசன் மட்டும் 18 எபிசோடும் ஒரு மணி நேர ஸ்லாட்டு, அரை மணியில நறுக்குன்னு முடிய வேண்டியத ஜவ்வு மாதிரி இழுத்திருப்பாங்க, சிலது நல்லாவே இருக்கும்னாலும் அறிமுகத்துக்கு அது ஆகாது. அவன் இன்னைக்கு வரைக்கும் நான் எது சொன்னாலும் பாக்குறதில்ல.

எதுல ஆரம்பிக்கலாம்னா ரெண்டே ஷோ போதும். 'ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் ப்ரெசென்ட்ஸ்' 1955 அக்டோபர் 2-ல ஆரம்பிச்சது, 'ட்வைலைட் ஸோன்' 1959-ல அதே அக்டோபர் 2, ரெண்டும் அமெரிக்கா, ரெண்டும் கறுப்பு வெள்ளை, ஆனா ருசி வேற. சஸ்பென்ஸ் பட டைரக்டர் ஹிட்ச்காக் தொகுத்து வழங்கின ஷோல பேயெல்லாம் அவ்வளவா கெடையாது, பேராசை, பொறாமை, புருஷன் பொண்டாட்டி சண்டை, அது போய் கொலையில முடியும், அவ்ளோதான். ராட் செர்லிங்கோட ட்வைலைட் ஸோன்ல உலகமே கொஞ்சம் கோணலா இருக்கும், மொத்தம் 156 எபிசோட்ல 92 அந்த மனுஷனே எழுதினது, எப்ப தூங்கினாரோ தெரியல. ராத்திரி தனியா பாக்குறீங்கன்னா செர்லிங், கூட ஆள் இருந்தா ஹிட்ச்காக், இது என் கணக்கு.

அடுத்தது டிவிய சரி பண்ணுங்க. இந்த ஷோவெல்லாம் கிட்டத்தட்ட சதுரமான படம், அத ஸ்க்ரீன் முழுக்க இழுத்து விட்டா எல்லாரும் அமுக்கின மாதிரி குட்டையா தெரிவாங்க, ரெண்டு பக்கமும் கறுப்பு பட்டை இருந்தா இருந்துட்டு போகட்டும். மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு, அசைவு வழவழன்னு தெரிய டிவியே நடுவுல படம் சேக்குறது, பல புது டிவில தானாவே ஆன்ல இருக்கும், அத ஆஃப் பண்ணிடுங்க. சப்டைட்டில் இல்லாம புரியும்னா அதையும் எடுத்துடுங்க, ஏன்னா முக்கியமான ஒரு வரிய ஆள் வாய தொறக்கிறதுக்கு முன்னாடியே கீழ எழுத்துல படிச்சுட்டா போச்சு. ஆட்டோப்ளேயும் வேணாம், ஹிட்ச்காக் கடைசில வந்து பேசுறதுக்குள்ள அடுத்த எபிசோட் ஓட ஆரம்பிச்சுடும்.

ஹிட்ச்காக் ஆரம்பத்துலயும் கடைசிலயும் வந்து பேசுற பேச்ச யாரும் சும்மா இன்ட்ரோன்னு தள்ளி விடாதீங்க. ஒரு கோட்டோவியம் வரும், அவரே வரைஞ்ச அவரோட முகம், பக்கவாட்டுல இருந்து அவர் நிழல் மெதுவா நடந்து வந்து அந்த கோட்டுக்குள்ள போய் கரெக்டா உக்காரும், பின்னாடி கூனோங்கிற பிரெஞ்சு இசையமைப்பாளரோட 'ஒரு பொம்மைக்கான இறுதி ஊர்வல இசை'. அப்புறம் காசு குடுக்கிற விளம்பரக்காரங்களையே நக்கல் அடிப்பார், அத எழுதிக் குடுத்தது ஜேம்ஸ் அலர்டைஸ்னு ஒருத்தர். கதையில கொலைகாரன் தப்பிச்சுட்டா கடைசில இவர் வந்து "அப்புறம் போலீஸ் புடிச்சுட்டாங்க"ங்கிற மாதிரி ஒண்ணு சொல்லுவார், குற்றவாளி தண்டன வாங்காம போகக்கூடாதுன்னு அன்னைக்கு டிவில இருந்த கெடுபிடி அப்படி. சொல்ற மூஞ்சிய பாருங்க, அவரே நம்ப மாட்டார்.

இப்ப ஒரு எபிசோட் எடுத்து பழகுங்க. 1960-ல வந்த 'மேன் ஃப்ரம் த சவுத்', ரோல்ட் டால்ங்கிற எழுத்தாளரோட கதை, இளம் ஸ்டீவ் மெக்வீனும் பீட்டர் லோரும். மெக்வீன் பையன், லோர் கெழவர், பந்தயம் இதுதான், லைட்டர் தொடர்ந்து பத்து தடவ பத்திக்கிட்டா பையனுக்கு கார், ஒரு தடவ பத்தலன்னாலும் அவன் சுண்டுவிரல கெழவர் வெட்டிக்கலாம். பையனோட இடது கைய மேசையோட சேத்து கட்டிட்டு கத்தியோட கெழவர் பக்கத்துல, லைட்டர் 'க்ளிக்', ஒண்ணு, மூடு, 'க்ளிக்', ரெண்டு. இங்கதான் ப்ளேயர்ல கீழ ஓடுற கோட்ட பாக்கவே கூடாது, இன்னும் எவ்ளோ நிமிஷம் இருக்குன்னு தெரிஞ்சா எத்தனாவது க்ளிக்ல என்ன ஆகும்னு மூளை தானா கணக்கு போட்டுடும். எனக்கு அஞ்சாவதுலயே என் சுண்டுவிரல் மடங்கிக்கிச்சு. ஃபோனையும் தூரமா வைங்க, ஒரு வினாடி கீழ குனிஞ்சாலும் அந்த எண்ணிக்கையோட இறுக்கம் போயிடும்.

ஒரு ராத்திரிக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. மூணாவது போட்டா எங்கடா ட்விஸ்ட்டுன்னு தேட ஆரம்பிச்சுடுவோம், அப்புறம் கதைய பாக்க மாட்டோம், பரீட்ச பேப்பர் திருத்துற மாதிரி ஆயிடும்.

எபிசோட தேடும்போது பேர மட்டும் அடிங்க, கதைச்சுருக்கம் படிக்காதீங்க, தம்ப்நெயில கையால மறைச்சாலும் தப்பில்ல. ட்வைலைட் ஸோன்ல வர்ற 'ஐ ஆஃப் த பிஹோல்டர்' எபிசோட எனக்கு நாசமாக்கினது ஒரு வீடியோ தம்ப்நெயில்தான், முகத்துல கட்டு போட்ட பொண்ணு, கட்டு அவிழ்க்கிற வரைக்கும் டாக்டர் நர்ஸ் ஒருத்தர் முகமும் தெரியாம நிழல்லயே கேமராவ ஓட்டியிருப்பாங்க, அவ்ளோ பாடுபட்டு மறைச்சத யாரோ ஒரு புண்ணியவான் படமா போட்டு வெச்சிருந்தார்.

கொஞ்சம் பழகினதும் ஒரே கதைய ரெண்டு ஷோல பாருங்க. லைட்டர் கதைய 1979-ல பிரிட்டன்ல 'டேல்ஸ் ஆஃப் தி அன்எக்ஸ்பெக்டெட்'ல திரும்ப எடுத்தாங்க, அதுல டாலே உக்காந்து முன்னுரை சொல்லுவார், கலர்ல இருக்கும். முடிவு தெரிஞ்சும் உள்ளங்கை வேர்க்குதான்னு பாருங்க. எனக்கு பழசுலதான் வேர்த்துச்சு, கறுப்பு வெள்ளையில அந்த லைட்டர் தீ மட்டும் தனியா நிக்கும்.

கடைசியா, ஏற்கெனவே பாத்தத புதுசா ஒருத்தருக்கு போட்டுக் காட்டும்போது ஸ்க்ரீன பாக்காதீங்க, அவங்க மூஞ்சிய பாருங்க, ஆனா மாட்டிக்காம. "அவன் செத்துடுவானா?"ன்னு கேட்டா வாய தொறக்காதீங்க, சிரிக்கவும் கூடாது, எழுந்து போய் தண்ணி கொண்டு வந்து குடுங்க.